சாரலும் கந்தகமும்: கரிச்சேறு எழுதிவைக்கும் மழை வரலாறு

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் பேச்செல்லாம் மேற்கு மலையைப் பற்றியதாகவே இருக்கும். பேரருவியில் தண்ணீர் விழுகிறதா, ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுகின்றனவா, பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி என்பதே அன்றாட விசாரணை. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் மேகம் செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் பூத்தூவலாய் உதிர்க்கும் நீருக்குச் சாரல் என்று பெயர். மழை எவ்வளவு பெய்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அம்மழை தன்னுள் எதைக் கரைத்துக்கொண்டு வந்தது என்று கேட்கும் பழக்கம் இல்லை. வானத்திலிருந்து வருவது தூயது என்னும் நம்பிக்கை நம் மரபில் அத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது.

இந்த இரண்டாம் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. மழையோடு இறங்கும் கந்தகம் மலைச் சதுப்புகளில் என்ன ஆகிறது, அது அங்கேயே அடங்கிவிடுகிறதா, என்றாவது திரும்பி வருகிறதா என்பதைக் கண்டறிய ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அவ்வரலாற்றின் முக்கியமான இடங்களை இக்கட்டுரையில் பார்ப்போம். குற்றாலத்தில் புறப்பட்டு, மான்செஸ்டர், நீலகிரி, குட்டநாடு என்று சுற்றி, மீண்டும் சாரலுக்கே திரும்புவோம்.

கடலிலிருந்து மலைக்கு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மழையில் கந்தகம் இருப்பது மனிதன் செய்த குற்றமன்று. அலை சிதறும்போது காற்றில் ஏறும் உப்புத் துளிகளில் சல்பேட் என்னும் வடிவில் கந்தகம் இருக்கிறது. கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் கந்தகம் கலந்த வாயுவொன்றை வெளியிடுகின்றன. இவை மேகத்தில் சேர்ந்து மலையில் மழையாகின்றன. குற்றால மலையில் விழும் கந்தகத்தின் ஒரு பகுதி சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. மேலைக் கடலில் ஏறியது கீழைக் கடலில் இறங்குகிறது. இச்சுழற்சி இல்லையெனில் பயிரும் இல்லை, நாமும் இல்லை. நம் மயிரிலும் நகத்திலும் கந்தகம் இருக்கிறது.

மழைநீர் சற்றே புளிப்பாக இருப்பதும் இயற்கையே. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், வேறெந்தக் கலப்பும் இல்லாத மழைநீரின் பிஎச் அளவு சுமார் 5.6 ஆக இருக்கும். நடுநிலை என்பது 7. ஆகவே சிக்கல் கந்தகம் இருப்பதில் இல்லை. அதன் அளவிலும், அது வந்து சேரும் வேகத்திலும் இருக்கிறது.

மான்செஸ்டர் மழை

அந்த அளவு மாறியதை முதலில் கண்டவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலர். நம் தென்மாவட்டப் பஞ்சும் சென்று நூலான மான்செஸ்டர் நகரத்தின் மழையை அவர் ஆராய்ந்தார். நகரை நெருங்க நெருங்க மழையில் கந்தக அமிலம் கூடுவதை 1852இல் எழுதினார். 1872இல் வெளியான 'காற்றும் மழையும்' என்னும் பொருள்படும் பெருநூலில் 'அமில மழை' என்ற தொடரைக் கையாண்டார். நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகி, காற்றில் மேலும் மாறி, மழையில் கந்தக அமிலமாக இறங்குகிறது என்பதன் முதல் வரலாற்றுப் பதிவு அதுவே.

உலகம் அதைப் படித்துவிட்டு மறந்துபோனது. 1952ஆம் ஆண்டு லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு உயரமான புகைபோக்கிகள் பெருகின. புகை ஊரைவிட்டுப் போயிற்று; ஆனால் அடுத்த நாட்டுக்குப் போயிற்று. 1967இல் ஸ்வான்டே ஓடன் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர், தம் நாட்டு ஏரிகளில் மீன்கள் அழிவதற்குப் பிற நாட்டுப் புகையே காரணம் என்று நாளிதழில் எழுதியபோதுதான் அமில மழை அரசியல் ஆயிற்று. 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஸ்வீடன் இதை முன்வைத்தது. இந்திரா காந்தி வறுமையையும் சூழலையும் இணைத்துப் பேசியதும் இதே மாநாட்டில்தான். 1979இல் ஜெனீவா உடன்படிக்கை உருவாயிற்று. 1985இல் கந்தக வெளியீட்டை முப்பது விழுக்காடு குறைக்கும் ஹெல்சிங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஏரிகளையும் காடுகளையும் பற்றி இவ்வளவு பேசப்பட்டபோது, எல்லாவற்றுக்கும் முன்பே அடிபட்டிருந்த நிலமொன்று கவனிப்பாரற்றுக் கிடந்தது. மான்செஸ்டருக்குக் கிழக்கே, மேல்காற்றின் பாதையில், பென்னைன் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேட்டுப் பரப்பில் பரவலாகக் கரிச்சேறு. அச்சேற்றை உண்டாக்கிய ஸ்பாக்னம் என்ற பாசி, தொழிற்புரட்சிக்குப் பிந்தைய இருநூறு ஆண்டுக் கந்தகப் புகையில் தென் பென்னைன் பகுதியில் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. பாசி போனபின் சேறு அரித்துக் கருநிற ஓடைகளாய் இறங்கியது. இங்கே 'கரிச்சேறு' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

நீலகிரியின் ஏடு

ஆங்கிலத்தில் பீட் எனப்படும் பொருளுக்கு வழக்குத் தமிழில் பெயர் இல்லை. 'முற்றா நிலக்கரி' என்று கலைச்சொல்லாக்கம் செய்தனர். பொருள் சரியே; ஆயினும் அது ஆய்வகத்தில் பிறந்த சொல். அள்ளல், தொள்ளி, உளை என்று சேற்றுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில் இதற்குப் பெயரில்லாமல் போனதற்குக் காரணம், வெப்பநாட்டுச் சமவெளியில் இது அரிது என்பதே. நீர் தேங்கி நிற்கும் குளிர்ந்த பள்ளத்தில் கோரையும் புல்லும் பாசியும் மடிந்து, காற்றுப் புகாததால் முழுதும் மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்து கறுத்துப்போவதே இது. மலையாள நாட்டு உழவர்கள் இத்தகைய மண்ணைக் 'கரி' என்று அழைக்கிறார்கள். அது நமக்கும் உரிய சொல்லாதலின் இங்குக் கரிச்சேறு என்று வழங்குகிறோம்.

தமிழகத்தில் கரிச்சேறு இருக்குமிடம் நீலகிரி. உதகையைச் சுற்றிய சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் அது படிந்திருக்கிறது. ஓர் அடுக்கு ஒரு விரற்கடை உயர நூறாண்டும் ஆகலாம். ஆங்கிலேயர் காலத்தில் உதகையில் இதை வெட்டி விறகுக்கு மாற்றாக எரித்ததும் உண்டு. பின்னர் அதை வாசிக்கவும் சிலர் வந்தனர். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஸ்கோவும் தணிகைமோனியும் 1970களில் சேற்றில் புதைந்த மகரந்தங்களைக் கொண்டு பழைய காடுகளின் வரலாற்றை எழுத முயன்றனர். மகரந்தவியலில் உலகப் புகழ்பெற்ற தமிழரான தணிகைமோனி, 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் கடத்தல்காரர்களின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது கடமை.

1993இல், யானை ஆய்வாளராகப் பலரும் அறிந்த ராமன் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 'நேச்சர்' இதழில் நீலகிரிக் கரிச்சேற்றைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெப்பமண்டலப் புல்லில் சேரும் கார்பனுக்கும் மரத்தில் சேரும் கார்பனுக்கும் நுட்பமான எடை வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை அடுக்கு அடுக்காக அளந்து, சுமார் 20,000 ஆண்டுகளின் பருவமழை ஏற்ற இறக்கத்தை அவர்கள் கண்டனர். பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பெருமழை. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி. சங்கப் பாடல்களுக்கும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கும் முற்பட்ட மழைகளின் கணக்கு உதகைப் பள்ளத்தில் இருந்தது. மழையின் அளவை நினைவில் வைத்திருக்கும் அந்தச் சேறு, மழையின் கந்தகத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

சேற்றுக்குள் நடப்பது

நாம் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். நீர் நிறைந்த கரிச்சேற்றில் மேலே ஓரிரு விரற்கடைக்குக் கீழ் ஆக்சிஜன் இல்லை. அங்கு வாழும் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. அதில் சிறு பகுதி காற்றில் போகும். ஒரு பகுதி சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கருநிறச் சல்பைடாகவும், நாளடைவில் பைரைட்டாகவும் படியும். பெரும்பகுதி மக்காத தாவரப் பொருளோடு பிணைந்து கரிச்சேற்றின் அங்கமாகிவிடும்.

இதன் விளைவு வியப்பானது. சல்பேட் இவ்வாறு மாற்றப்படும்போது அதனோடு வந்த அமிலமும் தணிகிறது. அமில மழை சதுப்பில் விழுகிறது. சதுப்பிலிருந்து வெளிவரும் ஓடையில் அந்த அளவு அமிலம் இல்லை. சிவன் நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தியதைப் போலச் சதுப்பு கந்தகத்தைத் தன் கண்டத்தில் நிறுத்திவைக்கிறது. ஆனால் புராணத்தில் நஞ்சு அங்கேயே நின்றது. இங்கு அப்படி நிற்பதில்லை.

கரிநிலத்து உழவர்

நில்லாமல் திரும்பினால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் ஸ்வீடனுக்குப் போக வேண்டியதில்லை. செங்கோட்டையில் ரயிலேறி, 1904இல் திறக்கப்பட்ட மலைப்பாதை வழியே புனலூர், கொல்லம் சென்று வடக்கே திரும்பினால் குட்டநாடு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் குட்டநாடும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. ராமங்கரி, மித்ரக்கரி, கைனகரி என்று அங்குள்ள ஊர்ப்பெயர்களிலேயே கரி இருக்கிறது. மண்ணைத் தோண்டினால் கறுத்த மரத்துண்டுகள் கிடைப்பதால், பாரதக் கதையின் காண்டவ வனம் எரிந்த இடம் இதுவே என்றும், 'சுட்டநாடு' குட்டநாடு ஆயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது.

அம்மண்ணைச் சுட்டது நெருப்பன்று, கந்தகம் எனலாம். பண்டைக்காலத்தில் கடல் உட்புகுந்து பின்வாங்கிய தாழ்நிலம் அது. கடல்நீரின் சல்பேட், மேலே சொன்ன அதே பாக்டீரியாக்களால் பைரைட்டாக மாறிக் கரிமண்ணில் தங்கியது. கோடையில் நீர் வற்றிக் காற்றுப் புகும்போது பைரைட் துருப்பிடித்துக் கந்தக அமிலமாகிறது. மண்ணின் பிஎச் 3, 4 என்று இறங்குகிறது. வயல் நீரின்மேல் செந்நிற ஆடை படர்கிறது. நெல்லின் வேர் கருகுகிறது. கரிநிலத்து உழவர்கள் வேதியியல் படிக்காமலே இதற்கு வழி கண்டிருந்தனர். புதுவெள்ளத்தைப் பாய்ச்சித் தேக்கி, புளிப்பேறியபின் இறைத்து வெளியேற்றி, சுண்ணாம்பு இட்டு, அதன்பின் விதைத்தனர்.

குட்டநாட்டின் கந்தகம் கடலிலிருந்து வந்தது. மான்செஸ்டர் மலைகளின் கந்தகம் புகையிலிருந்து வந்தது. வந்த வழி வேறு. சேற்றுக்குள் நடக்கும் வினை ஒன்றே. நீர் இருக்கும்வரை சேறு கந்தகத்தைக் காக்கும். நீர் வற்றினால் அதை அமிலமாகத் திருப்பித்தரும்.

கனடாவில் இது கண்கூடாக நிகழ்ந்தது. சட்பரி நகரத்து உலோக உருக்காலைகளின் புகை பல்லாண்டுகள் சுற்றுப்புறத்தை அமிலமாக்கியிருந்தது. புகை குறைக்கப்பட்டபின் அங்குள்ள ஸ்வான் ஏரி தேறிவந்தது. 1986, 1987ஆம் ஆண்டுகளின் வறட்சியில் கரைகளும் சதுப்புகளும் காய்ந்தன. சேமித்திருந்த கந்தகம் ஆக்சிஜனைச் சந்தித்தது. அடுத்து வந்த மழையில் ஏரி மீண்டும் அமிலமாயிற்று. தந்தை வாங்கிய கடனைப் பஞ்ச காலத்தில் மகன் அடைத்ததைப் போன்ற கதை இது.

இரசமும் மீத்தேனும்

கந்தகக் கதையில் இரு கிளைகள் உள்ளன. ஒன்று பாதரசம். சித்தர் மரபில் இரசத்தைச் சிவக்கூறு என்றும் கந்தகத்தைச் சத்திக்கூறு என்றும் சொல்வதுண்டு. இவ்விரண்டும் சதுப்பில் சந்திப்பது அத்தனை மங்கலமானதன்று. சல்பேட்டை மூச்சாகக் கொள்ளும் பாக்டீரியாக்களில் பல, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனில் சேர்ந்து மனித நரம்பைத் தாக்கும் வடிவம் அது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் கரிச்சதுப்பு ஒன்றில் 2001 முதல் ஆராய்ச்சிக்காகச் சல்பேட் தெளித்தபோது மெத்தில் பாதரசம் கூடியது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையால் சோலைக்காட்டு மண்ணில் பாதரசம் சேர்ந்ததை அறிந்த நாம், மலைச்சதுப்புக்குக் கந்தகம் கூடுவதை எளிதாக எண்ணிவிட முடியாது.

மற்றொன்று மீத்தேன். சதுப்பில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கும் சல்பேட் பாக்டீரியாக்களுக்கும் உணவு ஒன்றே. சல்பேட் மிகுந்தால் பின்னவை வெல்லும், மீத்தேன் குறையும். ஸ்காட்லாந்திலும் மினசோட்டாவிலும் கரிச்சதுப்புகளில் அமில மழை அளவுக்குச் சல்பேட் இட்டுப் பார்த்தபோது மீத்தேன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வின்சென்ட் கௌசியும் உடன் ஆய்வாளர்களும் 2004இல், இருபதாம் நூற்றாண்டின் கந்தகப் புகை உலக ஈரநிலங்களின் மீத்தேனை அடக்கிவைத்திருந்தது என்று கணக்கிட்டுக் காட்டினர். அப்படியானால், வானம் தூய்மையாகும்போது அந்த அடைப்பு திறந்துகொள்ளும். ஒரு மாசு மற்றொரு கேட்டை மறைத்துவைத்திருந்தது என்பதே இதன் பொருள். இதைக் காட்டிக் கந்தகப் புகைக்கு நியாயம் கற்பிப்பாரும் உண்டு. பாசியைக் கொன்று, ஏரியைப் புளிக்கவைத்து, மீனை நஞ்சாக்கும் ஒன்றை மருந்தென்று கொள்வது முறையாகாது என்பது நம் கருத்து.

நம் புகைபோக்கிகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் பெரும்பகுதியில் மழை நெடுங்காலம் அமிலமாகாமல் இருந்தது. காரணம் நம் தூய்மையன்று; நம் புழுதி. சுண்ணாம்புச்சத்து மிக்க மண்தூசி காற்றில் மிதந்து அமிலத்தைத் தணித்துவந்தது. இந்திய வானிலைத் துறை கொடைக்கானல், மினிக்காய் உள்ளிட்ட பத்து நிலையங்களில் மழைநீரை ஆராய்ந்து வந்திருக்கிறது. அப்பதிவுகளில் பெரும்பாலான இடங்களில் பிஎச் அளவு பல பத்தாண்டுகளில் மெல்ல இறங்கியிருப்பது தெரிகிறது.

இறங்கக் காரணம் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நெய்வேலியில் 1956இல் நிறுவனம் தொடங்கிப் பழுப்பு நிலக்கரி வெட்டினோம். பழுப்பு நிலக்கரி என்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சதுப்பொன்றின் கரிச்சேறே. அச்சதுப்பு அன்று பிடித்துவைத்த கந்தகத்தை இன்று உலையிலிட்டு வானத்துக்கு அனுப்புகிறோம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. 2017இல் நாசாவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் செயற்கைக்கோள் தரவுகளை வெளியிட்டன. அதன்படி 2007க்குப் பின் சீனா தன் கந்தக டை ஆக்சைடு வெளியீட்டை எழுபத்தைந்து விழுக்காடு குறைத்திருந்தது. இந்தியாவின் வெளியீடு ஐம்பது விழுக்காடு கூடியிருந்தது.

2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்கு முதன்முதலாகக் கந்தக வரம்பு விதித்தது. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவிகளைப் பொருத்த இரண்டாண்டு தவணை தரப்பட்டது. தவணை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது சொல்லப்படும் காரணம். அது உண்மையே. ஆனால் சதுப்பு விழுக்காட்டைப் பார்ப்பதில்லை; ஆண்டுக்காண்டு வந்து சேர்ந்த மொத்தத்தையே பார்க்கிறது. நகரத்து மூச்சுக்காற்றை மட்டும் அளக்கும் சட்டம், காற்று இறுதியில் இறங்கும் மலையைக் கணக்கில் கொள்வதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் லண்டன் செய்த பிழையும் இதுவே.

மீண்டும் சாரல்

குற்றாலத்து மலைக்கு இரண்டு மழைகள். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அரபிக்கடலின் மேகத்தைக் கொண்டுவருகிறது. கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் உச்ச அளவு 2020 ஜனவரி முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு விதியால் கடல்மேல் கலக்கும் கந்தகப் புகை பெரிதும் குறைந்திருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காற்று கிழக்கிலிருந்து மலையை நோக்கித் திரும்புகிறது. அப்போது கீழைக் கடற்கரையின் புகைக்கும் மேகத்துக்கும் பொதிகைத் தொடரே மதில். நம் மலைகள் அமில மழையில் அழிந்துவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. அழிவு கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டே போகும் இயல்புடையது என்பதையும், அது வெளிப்படும் நாள் மழைநாளாக இராது, வறட்சிக்குப் பிந்தைய முதல் மழைநாளாக இருக்கும் என்பதையுமே சொல்ல விழைகிறோம்.

ஆகவே சதுப்பைக் காய விடாதிருப்பதே முதற்காவல். நீலகிரியில் 1840கள் தொடங்கி யூகலிப்டஸ் மரங்களையும், பின்னர் தேயிலையையும் காய்கறியையும் பரப்பியபோது எத்தனையோ பள்ளங்களின் நீரை வடித்துவிட்டோம். மிஞ்சியவற்றில் நீர் நிற்கும்வரை, மழை கொணர்ந்த கந்தகமும் நிற்கும். பென்னைன் மலையில் இன்று புகை ஓய்ந்திருக்கிறது. வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கி, பாசியைக் கையால் நட்டு வளர்க்கிறார்கள். அதுவும் துளிர்த்து வருகிறது. இருநூறு ஆண்டுப் பிழையைத் திருத்த அவர்கள் செய்வது நீரை நிறுத்துவதும் பாசியை நடுவதும்தான்.

அடுத்த ஆனியில் மேல்காற்று வரும், சாரலும் வரும். நாமும் அருவிக்குப் போவோம். தலையில் விழும் தண்ணீர் எங்கெங்கோ ஏறி, எதையெதையோ கரைத்து, எந்தெந்தச் சேற்றிலோ தங்கி வந்திருக்கிறது என்பதை ஒரு கணம் எண்ணிக்கொண்டால் குளியலின் சுவை குறைந்துவிடாது.